எழுபத்தொரு கிலோ

என் பிக்கப் குளிரில் செத்த வாரம்
வெர்னா ஹ்னாட்டியுக் தன் காரில் வரச் சொன்னாள்.
ஏறுவதற்கு முன் எடை கேட்டாள்.
பூட்ஸோடா, பூட்ஸ் இல்லாமலா என்றேன்.
"பூட்ஸோடு. சாப்பாட்டு டப்பாவோடு."

யார்க்டனிலிருந்து பொட்டாஷ் சுரங்கத்துக்கு
போக வர நூற்றைம்பது கிலோமீட்டர்.
தொண்ணூற்றெட்டில் பிறந்த சிவிக்.
முன் கிரில்லை அட்டை வைத்து அடைத்திருந்தாள்,
பல் போன வாயைத் துண்டால் பொத்தினாற்போல்.
பின் சக்கரங்களுக்குப் பாவாடை.
வலப்பக்கக் கண்ணாடி காற்றைக் குடிக்கிறதாம், இல்லை.
பின் சீட் இல்லை. ஸ்டெப்னி இல்லை.
நான் உட்காரும் சீட்டும் போன மாதம் வரை
கராஜ் மூலையில்தான் கிடந்தது;
நாலு போல்ட் முறுக்கி எனக்காகத் திரும்ப வைத்தாள்.

டிக்கிக்குப் பின்னால் மீன்வால் போல் குறுகிப் போகும் ஒரு கூடு,
போன தேர்தலில் தோற்றவரின் பிளாஸ்டிக் பலகைகளை
வெட்டி, வளைத்து, டேப் ஒட்டியது.
காரின் வயிற்றுக்கடியிலும் அவரே,
தார்ச்சாலையைப் பார்த்துச் சிரித்தபடி.
"ஒட்டாவா போகாவிட்டால் என்ன,
தினமும் சுரங்கம் வரை போகிறாரே."

எண்பதைத் தாண்ட மாட்டாள்.
தானிய லாரிகள் திட்டிக்கொண்டே கடக்கும்.
இறக்கம் என்று எனக்குத் தோன்றாத இடங்களில்
நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிடுவாள்.
இந்தப் பிரெய்ரி தட்டை என்று நம்பி
பதினொரு வருஷம் ஓட்டியவன் நான்.
எந்தப் பண்ணை எதைவிட இரண்டடி தாழ்வு என்று
அவள் கால் கட்டைவிரலுக்குத் தெரியும்.

நீல நோட்டு ஒன்று.
காற்றின் திசை, குளிர், டயர் அழுத்தம், லிட்டர்.
நூறு கிலோமீட்டருக்கு நாலு புள்ளி ஒன்பது என்று
மாதக்கணக்காய் ஒரே எண், ஒரே கையெழுத்து.
பிறகு ஒரு வரி:
"ரோடெல், 71. சீட், 14."
அதற்கு நேரே ஐந்து புள்ளி இரண்டு.
குடியேற்ற அலுவலகம்கூட என்னை
இத்தனை சரியாய்க் குறித்துக்கொண்டதில்லை.

மிச்சம் பிடித்து என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.
"என் புருஷனும் மூன்று குளிர்காலம் கேட்டான்" என்றாள்.
"இப்போது ரெஜைனாவில் இருக்கிறான்,
ஒரு வி-எட்டு என்ஜினோடு."

பிப்ரவரி. சால்ட்கோட்ஸ் தாண்டியதும் குறுக்குக் காற்று,
துணி கிழிகிற சத்தம்,
வால் பிய்த்துக்கொண்டு பறந்தது.
அறுத்த கனோலா வயலில், முழங்கால் பனியில்
இருவரும் துரத்தினோம்.
நான் இரண்டு முறை விழுந்தேன், அவள் நாலு முறை.
வேலிக் கம்பியில் மாட்டி நின்றபோது
தோற்றவர் முதல்முறையாக
வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.
லாரிக்காரன் நிறுத்தி, விபத்தா என்று கத்தினான்.
"இல்லை, வேட்பாளர் விழுந்துவிட்டார்" என்று
வெர்னா கத்தினாள்.
அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்;
சிரித்து முடிக்க அவளுக்குத் தெரியவில்லை.

வாலை என் தலைக்கு மேல் செருகிக்கொண்டு
கதவைச் சாத்தினோம். என் விரல்கள் வெளுத்திருந்தன.
நிற்கிற வண்டியில் என்ஜினை ஓடவிட்டாள்.
இது அவள் வேதத்தில் கொலைக்குச் சமம்.
ஆறு நிமிஷம், கடிகாரம் பார்த்து.
பிறகு பேனாவை வாயில் வைத்து ஊதி, மை இளக்கி,
நோட்டில் எழுதினாள்:
"நின்றபடி ஆறு நிமிஷம். விரல்கள்."
அந்த வாரம் ஐந்து புள்ளி எட்டு.
அடிக்கவில்லை, வட்டமும் போடவில்லை.

மார்ச்சில் என் பிக்கப் பிழைத்துக்கொண்டது.
அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.
டப்பாவில் சோற்றைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.
போன வாரம் அறுபத்தொன்பது.