மூன்று மணிக்கு இலாரியோ

வல்திவியாவில் மழை என்பது செய்தியே இல்லை.
ஆற்றுக்கும் வானத்துக்கும் நடுவே மிஞ்சிய
கொஞ்சம் காற்றில்தான் குடியிருக்கிறோம்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.
மடியில் துண்டு, துண்டுக்குள் பொரோட்டோ.
பொரோட்டோ என்றால் அவரைக்கொட்டை;
வாங்கிய அன்று அவ்வளவுதான் இருந்தான்.
நேற்று மதியத்திலிருந்து எதையும் தின்னவில்லை.
கொத்தமல்லித் தழையைக்கூடக்
கடன்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"முயலுக்குக் குடல் நின்றால் எல்லாம் நின்றுவிடும்"
டாக்டர் கத்ரிலெயோ சுற்றி வளைக்கவில்லை.
ஊசி போட்டாள், கரைத்து ஊட்டத் தூள் தந்தாள்.
"மூன்று மணிக்கொரு தடவை.
விடிவதற்குள் ஒரு புழுக்கையாவது போடட்டும்.
போட்டால் போன் செய்.
போடாவிட்டாலும்."

அந்தப் போடாவிட்டாலும்
என் ஸ்வெட்டரில் ஈரமாக ஒட்டியிருக்கிறது இன்னும்.

மேசைமேல் லேப்டாப்பில், சத்தமில்லாமல், நீ.
கேப்டன் இலாரியோ,
எனக்குப் பதினாறு வயதில்
எரியும் கப்பலிலிருந்து முதல் தடவை குதித்தாய்.
இப்போது எனக்கு முப்பத்தெட்டு.
நீ குதித்துக்கொண்டேயிருக்கிறாய்
அதே வயதில், அதே சட்டையில்,
இரண்டாவது பொத்தான் இல்லாமல்.

உன் வேஷம் போட்டவன் எனக்கு வேண்டாம்.
ஒரு பேட்டியில் அவன் தயிர் விளம்பரம் பற்றிப் பேசினான்,
அணைத்துவிட்டேன்.
எனக்கு அந்தப் புருவத் தழும்பு,
சாவியைப் பல்லில் கடித்தபடி நீ கயிறு முடிகிற விதம்.

எலியாசர் என்னோடு இருந்த நாலு வருஷத்தில்
உன்னைப் பற்றிக் கேட்டது ஒன்றே ஒன்று:
"இந்த ஆள் கப்பலில் சட்டி கழுவுவது யார்?"
மூன்று நாள் அவனோடு பேசவில்லை.
இந்த ராத்திரி அது நல்ல கேள்வியாகப் படுகிறது.

இதோ அந்தக் காட்சி.
குண்டடிபட்ட பையனைத் தோளில் சுமந்து வருகிறாய்,
கன்னியாஸ்திரி கதவைத் திறக்கிறாள்,
தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறாய்.
அடுத்த காட்சியில் பையன் ஆப்பிள் கடிக்கிறான்.

நடுவிலிருந்த ராத்திரி எங்கே, இலாரியோ?
அதை வெட்டி எடுத்தது யார்?
நான் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வா.
பூட்ஸைக் கழற்று, தரை நனைகிறது.
சிரிஞ்சைத் தலைகீழாகப் பிடிக்கிறாய், கொடு இங்கே.
வாயின் ஓரமாக, மெதுவாக, மெதுவாக,
பத்து எம்.எல்.லில் பாதி உன் முழங்கையில்.
சுடுவதற்கு யாருமில்லாத அறையில்
கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாய்,
விரலெல்லாம் பச்சைக் கஞ்சி.
குனிந்து அவன் வயிற்றில் காதை வை.
சத்தம் கேட்கிறதா?

எனக்கும் இல்லை.

இருபத்திரண்டு வருஷத்தில்
உன்மேல் இவ்வளவு ஆசை வந்ததேயில்லை.

விறகடுப்பில் கடைசிக் கட்டை உடைந்து விழுகிறது.
மீன் சந்தைப் பக்கம்
கடற்சிங்கம் ஒன்று யாரையோ திட்டுகிறது.
வயிற்றைத் தேய்க்கிறேன், வட்டம் வட்டமாக;
படம் முடிந்ததுகூடத் தெரியவில்லை.

ஐந்தேகாலுக்கு
துண்டின் மடிப்பில் ஏதோ உருண்டது.
விளக்கடிக்குக் கொண்டுபோனேன்.
மிளகளவு. காய்ந்து, கோணலாக.
ஒன்று.

தூக்கக் கலக்கத்தில் டாக்டர், "எத்தனை?"
"ஒன்று."
"போதாது" என்றாள். கொஞ்சம் யோசித்து,
"ஆனால் பூஜ்யம் இல்லையே."

திரையில் படம் தானாக முதலுக்குத் திரும்பி
நீ குதிக்கத் தயாராக நிற்கிறாய், தீ உன் முதுகில்.
உள்ளங்கையை விரித்து உனக்குக் காட்டினேன்.
பிறகு காகிதத்தில் மடித்து
உப்பு டப்பா பக்கத்தில் வைத்தேன், ஏனென்று தெரியாது.

ஆறு மணிக்கு அடுத்த வேளை.
வெந்நீர் வைக்க வேண்டும்,
இடது கால் மரத்துப்போயிருக்கிறது,
அவனோ அதன்மேல் தூங்குகிறான்.