நேற்றைய எடை

அட்டனில் பேக்கரிக்கு மேல்மாடி அறை.
அந்திப் பாண் வேகும் மணத்துக்குள் போன் அடிக்கிறது.
பூண்டுலோயாவுக்கு மேலே,
ஆறாம் நம்பர் மலை, கொழுந்து மடுவம்.

"கணக்கப்பிள்ளை சாமிதாசன் பேசுறேன்.
நானூத்திப் பதினேழு இன்னிக்கு இருபத்திரெண்டு கிலோ.
தராசு சொல்லுது, டேப் சொல்ல மாட்டேங்குது.
நேத்தையிலேர்ந்து பதினொண்ணுலயே நிக்குது."

"கேஷ் பிரச்சினை" என்றேன்
கண்ணைக் கசக்கியபடி.
"ஆமா தம்பி, கேஷ் பிரச்சினைதான்.
பதினொரு கிலோன்னா அரைப்பேரு."

நான் திருத்தவில்லை.
இரண்டுக்கும் தமிழில் ஒரே எழுத்து.

மூன்று மாதம் முன்பு அந்த மலைக்குப் போனேன்.
மத்தியானத்துக்கு முன்பே பனி இறங்கி
சிக்னல் கோபுரத்தை விழுங்கியது.
சேர்வர் பதில் சொல்லும்வரை
பெண்கள் கூடையோடு நிற்கவேண்டுமா என்று
டேப்புக்குள் ஒரு பிரதி வைத்தேன்.
அது எவ்வளவு நேரம் செல்லும்?
எண்பத்தாறாயிரத்து நானூறு செக்கன்.
பிளேன்டீ ஆறுவதற்குள் போட்ட எண்.
ஒரு நாள் என்றால் அங்கே
ஒரு பேர் என்று
அப்போது எனக்குத் தெரியாது.

இரவெல்லாம் துடைத்தேன்.
டேப்பில் ஒரு நேற்று,
மடுவத்து ரவுட்டரில் ஒரு நேற்று,
கொழும்பில் வாடகைக்கு எடுத்த சேர்வரில் இன்னொன்று.
ஒன்றைக் கழுவினால்
மற்றது பழையதை ஊட்டிவிட்டது.

விடிய, பிரட்டுக் களத்திலிருந்து சாமிதாசன்:
"இன்பவள்ளி நேத்தே சொல்லிட்டா தம்பி.
திரையைப் பாத்ததும் சொன்னா,
'இது முந்தாநாள் இல்ல, நேத்தைய எடை.
நேத்துத்தான் எனக்குக் காய்ச்சல்.'"

பனியை நான் நிறுத்த முடியாது,
பிரதியையும் எடுத்துவிட முடியாது.
எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்:
எடுத்த நேரம், நேற்று 4.10.
அவ்வளவுதான் திருத்தம்.

பிறகு, யாரும் கேட்காமலே,
பனி விழுந்த நாட்களையெல்லாம்
தராசுப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன்.
முழுப்பேருக்குப் பறித்தும்
முதல்நாளின் அரைப்பேர் விழுந்தவை
நாற்பத்து மூன்று.
தவறிக் கூடக் கிடைத்தவை ஒன்பது,
அவற்றை ஆபீஸ் அந்தந்த மாதமே
கண்டுபிடித்துக் கழித்திருந்தது.

நாற்பத்து மூன்று நம்பரையும்
வரிசையாகப் போட்டுத் துரைக்கு அனுப்பினேன்.
பதில் உடனே வந்தது:
"கவனிக்கப்படும்."

எப்போது என்று
அதில் இல்லை.