இரண்டு வண்டி, ஒரு கட்டில்

முதலில் பார்த்தது மதுரவாயலில்,
பன்னிரண்டு சீட் டிராவலர்.
புரோக்கர் தனகோட்டி கதவைத் தட்டிக் காட்டினார்
தர்பூசணி தட்டுகிற மாதிரி.
"சிங்கிள் ஓனர்மா, டாக்டர் வண்டி."
எந்த டாக்டர் பன்னிரண்டு பேரோடு வேலைக்குப் போனார்
என்று நான் கேட்கவில்லை. டேப்பை விரித்தேன்.
சக்கர மேடுகளுக்கு நடுவே நாற்பத்தொரு அங்குலம்.
என் பைக்கின் ஹேண்டில்பார் மட்டும் முப்பத்தொன்று.
கிளாட்வினுடையது அதைவிட நாலு விரல் திமிர்.

இரண்டாவது, பாடி மேம்பாலத்துக்குக் கீழே.
கூரை தாழ்வு.
ஆறடி ஆள் உள்ளே குனிந்து நின்றபடி
"பழகிடும்" என்றான்.
எங்கள் பெரம்பூர் வீட்டு பாத்ரூம் வாசலைப் பற்றியும்
அதையேதான் சொன்னான்.
பதினோரு வருஷம் ஆகிறது. நெற்றியில் வடு.

வெள்ளி இரவுகளில்
வாடகைக் குட்டியானையில் பைக்குகளைக் கட்டி
இருங்காட்டுக்கோட்டை டிராக் வரை
ஸ்கூட்டரில் பின்னாலேயே துரத்துகிறவர்கள் நாங்கள்.
ஒருமுறை பூந்தமல்லி சிக்னலில் கயிறு தளர்ந்து
என்னுடையது அவனுடையதன்மேல் சாய்ந்தது.
டேங்கில் பள்ளம்.
மூன்று நாள் பேச்சில்லை.
பைக்குகள் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றன.

சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்றானதும்
அவன் கேட்டது கட்டில்.
கொல்லிமலை, வால்பாறை,
லாட்ஜ் வரவேற்பில் ஆதார் அட்டை நீட்டாத இரவுகள்.
நான் கேட்டது, இரண்டு பைக்கும் நனையாமல்
நிமிர்ந்து நிற்க ஓர் இடம்.
பத்தடி நீளத்துக்குள்
இரண்டு ஆசையும் கால் நீட்ட முடியாது.
மளிகை பில்லின் முதுகில் வரைந்து பார்த்தோம்.
தலைமாற்றி நிறுத்தினால்
மிச்சம் இருபத்திரண்டு அங்குலம்.
ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கலாம்.
"யாரு?" என்றான்.
ஃபேன் சத்தம் அன்றைக்குத்தான் கேட்டது எனக்கு.

மூன்றாவது சாலிகிராமத்தில், முருங்கை மரத்தடியில்,
மூக்கெல்லாம் பொடி இலை ஒட்டிக்கொண்டு.
சினிமா மேக்கப் வேன்.
பன்னிரண்டு பல்பு சுற்றிய கண்ணாடி,
அதன் ஓரத்தில்
யாரோ ஒட்டிவிட்டு மறந்துபோன கருநீலப் பொட்டு.
உள்ளே கிளாட்வின் நிமிர்ந்து நின்றான்.
தலைக்கு மேல் இன்னும் ஒரு சாண்.
அந்தச் சாணில்தான் எனக்கு உறைத்தது:
கட்டிலைத் தரையில் ஏன் தேடுகிறோம்?
சோபாவைக் கழற்றிவிட்டு
கீழே அவை, மேலே நாம்.

ஐந்து லட்சத்துப் பத்து.
ஒரு பல்பு எரியவில்லை என்று இரண்டாயிரம் குறைத்தார்கள்.
புதுப்பேட்டையில் பதினாறு நாள்,
சங்கிலி, கொக்கி, வெல்டிங் பொறி.
எல்லாம் முடித்து ஓட்டி வந்து
தெருமுனையில் பிரேக் போட்டபோதுதான் தெரிந்தது,
தெருவை அளக்க மறந்திருந்தோம்.
மின்வாரியப் பெட்டிக்கும் இஸ்திரி வண்டிக்கும் நடுவே ஏழடி.
வேன் ஏழடி, கூட நாலு விரல்.
"மூச்சை இழுத்துக்கிட்டு நுழைமா" என்றார்
இஸ்திரி போடும் ஏகாம்பரம்.

ரயில்வே மதில் ஓரம் விட்டோம்.
பலகை போட்டு, சும்மா ஒத்திகைக்கு,
பைக்குகளை ஏற்றினோம்.
இறக்க மனம் வரவில்லை.
விட்டுப் போகத் தைரியம் வரவில்லை.
அப்படித்தான் எங்கள் முதல் பயணம்
வீட்டிலிருந்து நானூறு மீட்டர்.
கீழே சங்கிலி ஆயில் மணம், மேலே கொசு,
புரண்டால் கிரீச்சிடும் கொக்கி.
வால்பாறை என்றால் இந்நேரம் குளிரும், என்றான்.
காலால் அவன் காலைப் போர்த்தினேன்.

ஒன்றரை மணிக்குக் கதவில் லத்தி.
தடவித் தடவி சுவிட்சைப் போட
பதினோரு பல்பும் பற்றிக்கொண்டன.
கண்ணாடிக்குள் இரண்டு ஹெட்லைட்
தூக்கம் கலைந்து முழித்தன.
"என்னம்மா, ஷூட்டிங்கா?"
"இல்ல சார், வீடு பக்கத்துலதான்."
அது அவருக்குப் பதிலாகத் தோன்றவில்லை.
டார்ச்சைப் பொட்டின்மேல் அடித்தார்,
என் நெற்றிமேல் அடித்தார்,
அப்புறம் கீழே, பொறுமையாக.

"இதுல உங்களுது எது?"

டேங்கில் பள்ளம் இருக்கிறதே, அது இவருடையது, என்றேன்.
பள்ளம் என்னுடையது.