இளஞ்சிவப்பு இருந்த இடம்

நான்கு பேர்தான். நான்கு பேரும் நடப்புச் சாம்பியன்கள்.
ரயில்வேயின் கோதண்டம்,
காரைக்கால் மரைக்காயர்,
தென்மண்டலப் பட்டத்தோடு வில்லியனூர் இன்னாசி,
ஏனாமிலிருந்து பஸ் மாறி மாறி வந்த தேஜோமயி.
ஆட வந்ததற்கான உறை
முன்கூட்டியே கைக்குப் போய்விட்டது.
இங்கே தோற்றால் யார் பட்டமும் போகாது.
அதனால்தான் அப்படி ஆடினார்களோ என்னவோ.

முத்தியால்பேட்டை, டைல்ஸ் கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
கார்த்திகை மழை.
ஜன்னலைச் சாத்தினாலும் கடல் எப்படியோ உள்ளே வந்து
பச்சைத் துணியில் உட்கார்ந்துகொள்ளும்.
பந்து போகப் போகக் களைத்து
ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும்.
காலையில் மேசைக்கு இஸ்திரி போட்டோம்.
சாயங்காலம் மறுபடியும்.

நடுவர் நான். வெள்ளைக் கையுறை, கறுப்புக் கோட்டு.
மற்ற நாட்களில் மின்துறையில் இளநிலைப் பொறியாளர்.
இதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது, ஏனென்றால்
இறுதி ஆட்டம், மூன்றுக்கு மூன்று,
கடைசி ஃபிரேம்,
மேசையில் இளஞ்சிவப்பும் கறுப்பும் மட்டுமே மிச்சம்,
ஒன்பது புள்ளி பின்னால் இருந்த இன்னாசி
குனிந்து தாடையைக் கியூவில் பதித்த நொடியில்
கரண்ட் போனது.

அறுபது நாற்காலிகளும்
என் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது.

கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்திருந்தோம்.
கீழே ஜெனரேட்டர் நான்கு தடவை இருமிவிட்டு ஓய்ந்தது.
"யாரும் அசையாதீங்க" என்றேன்.
அசையவில்லை.
சாக்குக்கட்டி வாசனை, நனைந்த குடை வாசனை,
யாரோ தொண்டையைக் கனைக்காமல் விழுங்குவது.
ஐந்தாவது நிமிடமோ ஆறாவதோ,
டொக்.
பல்லில் நகம் பட்ட மாதிரி, அவ்வளவுதான்.

வெளிச்சம் வந்தபோது
இளஞ்சிவப்பு அதன் இடத்தில் இல்லை.

"குழி வாயில தொங்கிட்டிருந்தது மேடம்,
ஊதினா விழும்" என்றார் கோதண்டம்.
"இல்ல மேடம், குஷனை ஒட்டி நின்னுச்சு,
எனக்குக் கஷ்டமான பந்துதான்" என்றான் இன்னாசி.
"தம்பி, நான் பார்த்தேன்."
"அண்ணே, ஆட இருந்தது நான்."

சண்டைகள் எனக்குப் பழக்கம்.
மீட்டர் ரீடிங்குக்கு, கம்பம் நட்ட மூலைக்கு,
பக்கத்து வீட்டு மாடியை உரசும் ஒயருக்கு.
இருவரும் எதிராளிக்காக வாதாடிக்
குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.
மரைக்காயர் சிரித்தார்.
தேஜோமயி தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள்.

விதிப்படி, என் நினைவில் இருந்த இடத்தில் வைத்தேன்.
இருவர் சொன்னதும் இல்லை அது;
இருவரும் தலையாட்டினார்கள்.

இன்னாசி அடித்தான். நல்ல அடி.
இளஞ்சிவப்பு குழியை நோக்கி நேராகப் போய்
கடல் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றது.
கோதண்டம் அதைப் போட்டுவிட்டு
உடனே கியூவைக் கழற்றினார்.
டைல்ஸ் கடைக்காரர் கோப்பையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

இருட்டில் மேசையைக் காக்க
நான் கை நீட்டியிருந்தேன்.
விளிம்பென்று நினைத்துத் தொட்டது
விளிம்புதானா?
கையுறைக்குள் விரலுக்கு என்ன தெரியும்.
எல்லோரும் எல்லோரையும் கேட்டார்கள்,
என்னை மட்டும் கேட்கவில்லை.
நடுவரைக் கேட்கும் வழக்கமில்லை.

மறுநாள் காலை அலுவலகத்தில்
பதிவேட்டைத் திறந்து எழுதினேன்:
முத்தியால்பேட்டை ஃபீடர், இரவு 9.12 முதல் 9.19 வரை.
காரணம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
மழை, என்று எழுதினேன்.