இடது கணுக்கால்

பிறந்த ஊர் எது என்று கேட்டார்கள்.
கோட்டையூர் என்றேன். தெற்கு மண்டலம், நீல பனியன்.
ஜெனிட்டா பட்டுக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவள்.
கிழக்கு, மஞ்சள்.
புதுவயல் அணிக்காகச் சேர்ந்து ஆடிய எட்டு ஆட்டங்களை
ஒரு விண்ணப்பத் தாள் இப்படிப் பிரித்தது.

லீக் பாதியில் நிற்கிறது.
இன்னும் பதினொரு ஆட்டம் பாக்கி.
கிளப் செயலாளர், ரைஸ் மில்காரர்,
"காலைக் கீலை ஒடச்சுக்கிட்டு வந்துறாதீங்கத்தா,
தேவகோட்டைக்காரனோட இன்னொண்ணு இருக்கு"
என்றுதான் வழியனுப்பினார்.
இந்திய முகாமுக்கு இங்கிருந்து நாலே பேர் என்பது பற்றி
அவர் வாய் திறக்கவில்லை.

காரைக்குடி. செம்மண் மேல் விரித்த மேட்.
ஓரம் மடங்கிய இடத்தில் செங்கல்.
எனக்கு வந்த பனியனில் யாரோ ஒருத்தியின் பெயரைப்
பிளாஸ்திரி ஒட்டி மறைத்திருந்தார்கள்.
வியர்க்க வியர்க்க அவள் வெளியே வந்தாள்.

தேர்வுக்குழுவில் மூன்று பேர்.
ஒருவர் எழுதினார்.
ஒருவர் அவர் எழுதியதைப் பார்த்தார்.
மூன்றாமவர் வெள்ளைப் பணியாரத்தைக்
காரச் சட்னியில் தொட்டபடி
எங்கள் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவருக்குத்தான் பயந்தோம்.

நேற்றிரவு விடுதியில்
ஜெனிட்டாவின் இடது கணுக்காலுக்குத்
துணிப்பட்டை சுற்றிவிட்டது நான்.
போன ஆட்டத்தில் பிசகியது.
யாரிடமும் சொல்லாதே என்றாள், சொல்லவில்லை.
காலையில் அதைப் பிரித்தெறிந்துவிட்டு
இரண்டு காலிலும் ஒரே மாதிரி உறை மாட்டி
சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

கடைசி மூன்று நிமிடம்.
கபடி கபடி கபடி கபடி
அந்த மூச்சின் நீளம் எனக்குத் தெரியும்.
எந்த இடத்தில் குரல் கம்மும்,
எப்போது தோளை ஒருபக்கம் காட்டி மறுபக்கம் பாய்வாள்.
நான் வலது கார்னர்.
எட்டு ஆட்டமாக அவள் திரும்பி வரும்போதெல்லாம்
நடுக்கோட்டருகே நீட்டிக் காத்திருந்த கை இது.

இதோ கால்.
அந்தக் கால்.

பிடித்தால் என் பெயர், விட்டால் அவள் பெயர்
என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை,
இப்போதுதான் தோன்றுகிறது.
அப்போது கைதான் போனது.
கணுக்கால்வரை போய்,
என்ன நினைத்ததோ,
ஒரு சாண் மேலேறிக் கெண்டைச் சதையைப் பற்றியது.
சொத்தைப் பிடி.
என்னையும் இழுத்துக்கொண்டு ஊர்ந்து
ஒரு விரல்நுனியால் நடுக்கோட்டைத் தொட்டாள்.

மூன்றாமவர் பணியாரத்தைக் கீழே வைத்தார்.
பக்கத்தில் இருந்தவரிடம் பேனா கேட்டார்.

எழும்போது என் காதில் சொன்னாள்:
"கீழ புடிச்சிருக்கணும்டி.
இவனுங்க முன்னாடி எனக்குப் பாவம் பாக்காத."
நிஜமான கோபம். எச்சில் தெறித்தது.

பட்டியல் வெள்ளிக்கிழமை வருமாம்.
புதுவயல் பஸ்ஸில் அவள் கால் என் மடியில்.
ஐஸ் கரைந்து நீல பனியன் நனைகிறது.
காலை எடுக்கச் சொல்லி
கண்டக்டர் இரண்டு தடவை சத்தம் போட்டுவிட்டார்.