பொருக்கு

ஒன்பதாம் நாள் காய்ச்சலோடு
உசிலம்பட்டியிலிருந்து நூற்றியெட்டில் வந்தோம்.
வழியெல்லாம் கண்மாய்ப் பேச்சுதான் அவளுக்கு.
இன்னும் நாலடி புதர் வெட்டணுமாம்,
அளந்து காட்டினால்தான் நூறுநாள் கூலியாம்.
செக்கானூரணி தாண்டியதும்
அந்தப் பேச்சும் நின்றுவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் பேர் கேட்டார்கள்.
ஒச்சம்மா.
வயசு கேட்டார்கள்.
முப்பத்தெட்டு என்றேன்.
அட்டையில் நாற்பத்தொன்று என்று இருந்தது.
நடுவில் மூன்று வருடம் எங்கே போனது என்று
எழுதுகிறவர் கேட்கவில்லை.

பெண்கள் வார்டில்
ராத்திரி ஆம்பளை தங்கக் கூடாது.
யார் வீட்டுக் காதணி விழாவுக்கோ அடித்த பிளக்ஸ் ஒன்று
சுவரோரம் கிடந்தது. விரித்தேன்.
அந்தப் பிள்ளையின் கன்னத்தில் தலை வைத்துப் படுத்தேன்.
தூக்கம் வரவில்லை.
கோரிப்பாளையத்துப் பஸ்கள் அடங்கின பிறகு
உள்ளே யாருடைய இருமல்
எந்தக் கட்டிலிலிருந்து வருகிறது என்று
பிரித்துக் கேட்கப் பழகினேன்.

பக்கத்துக் கட்டில் மருமகளுக்குத் துணையிருந்த
சபுரா அக்கா, வில்லாபுரம்,
மணிக்கொரு தரம் கம்பிக் கேட்டுக்கு வந்து
தந்தி மாதிரி சொல்லிவிட்டுப் போவாள்.
"மூச்சு மேல்மூச்சா வாங்குது."
"முகத்துல குழாய் மாட்டிட்டாங்க."
"ஒண்ணுக்குப் போயிருக்கா, கொஞ்சம்தான்.
அதுவே நல்லது தம்பி."

டெங்கு இல்லை என்றார்கள்.
மலேரியா இல்லை. டைபாய்டு இல்லை.
ஒவ்வொரு இல்லைக்கும்
ஒரு குப்பி ரத்தம் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.
கிட்னி வேலைநிறுத்தம் செய்யப் பார்க்கிறது என்றான்
மீசை முளைக்காத ஒரு டாக்டர்.

காலையில் உள்ளே கூப்பிட்டார்கள்.
மறைப்புத் துணிக்குப் பின்னால்
நர்ஸம்மா அவள் இடது கையைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.
அக்குளுக்குக் கீழே,
எட்டணாவில் பாதி கூட இருக்காது,
வட்டமாக, கறுப்பாக,
சுற்றிலும் சிவந்து ஒரு பொருக்கு.

அவள் அதைப் பார்த்தாள்.
பிறகு என் சட்டைப்பையில் துருத்திய
பீடிக்கட்டைப் பார்த்தாள்.
"சுட்டியா?"

இல்லை என்பது ரெண்டெழுத்துதானா, மூன்றா,
எனக்கு எண்ணி முடிக்கிறவரை வரவில்லை.
தீ வைத்ததில்லை.
ஆனால் கை நீட்டியிருக்கிறேன்.
ஒன்றைச் சொன்னால்
இன்னொன்றும் கூடவே வந்துவிடுமோ என்று
நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

அதற்குள் பெரிய டாக்டர் வந்தார்.
குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
புதையல் கிடைத்தவர் போலச் சிரித்தார்.
"இதத்தானய்யா நேத்துலருந்து தேடுறோம்!
புதர்ல இருக்கிற பூச்சி. கண்ணுக்கே தெரியாது.
கடிச்ச இடம் வலிக்காது. அரிக்காது.
கூட இருக்கிறவங்க பார்த்தாத்தான் உண்டு."

கூட இருக்கிறவங்க.

மருந்து ஒன்றும் அபூர்வமில்லையாம்.
மூன்று நாள் முன்னால் வந்திருந்தால்
மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்றார்.
நர்ஸம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டாள்.
மன்னிப்புக் கேட்கவில்லை.
அவளிடம் கேட்கிற இடத்தில் நான் இல்லை.

மறுநாளிலிருந்து பார்வை நேரத்தில்
ஈரத்துண்டு வைத்துத் துடைத்தேன்.
பதினெட்டு வருடமாய்
இருட்டிலேயே தெரிந்த உடம்பு.
முழங்காலில் அரிவாள் வெட்டு ஒன்று.
புறங்கையில் எண்ணெய் தெறித்த புள்ளிகள்.
தோளில் அம்மை குத்திய தடம்.
இடது புருவத்துக்கு மேல் ஒரு கோடு.
அதை யார் வைத்தது என்று
எந்த டாக்டரும் கேட்கவில்லை.
துண்டு அந்த இடத்தில்
கொஞ்ச நேரம் நின்றது.

நாலாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது.
சபுரா அக்கா கேட்டிலிருந்தே கத்தினாள்,
காவலாளி அதட்டுவதைப் பொருட்படுத்தாமல்,
"முழிச்சிட்டா! டீ கேக்குறா!"

ஓடினேன். உதடு வெடித்திருந்தது.
குழாயை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.
பேச என்னென்னவோ வைத்திருந்தேன்.

"பீடி நாத்தம். தள்ளி உக்காரு."

"மூணு நாளா தொடல, புள்ள."

"சட்டையில இருக்கு" என்றாள்,
கண்ணை மறுபடி மூடிக்கொண்டு.