நாரை சாகும்போது

சைதாப்பேட்டை ஸ்டேஷனை ஒட்டி,
ஜெராக்ஸ் கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
ஞாயிறுதோறும் சீட்டாட்டத்துக்கு நான்தான் நடுவர்.
சம்பளம்: ஒரு லெமன் டீ, மீந்த சமோசா,
"அக்கா, இங்க கொஞ்சம் வாங்க" என்ற கூப்பாடு.

கூப்பாட்டில் பாதி விகுதிச் சண்டை.
'வந்ததும்' என்றால் ஒருமுறை:
அரக்கன் களத்துக்கு வந்ததும் எதிராளிக்கு இரண்டு உயிர் போகும்,
அதோடு அவன் வேலை முடிந்தது.
'போதெல்லாம்' என்றால் ஓயாது:
யார் மந்திரம் போடும்போதெல்லாம்
சூனியக்காரி கை நீட்டிக் காசு வாங்குவாள்.
நடுவில் ஒரு 'இருந்தால்' வந்தால் உஷார்,
அது இரண்டு தடவை கேட்கும்,
கிளம்பும்போது ஒன்று, நடக்கும்போது ஒன்று,
தியேட்டரில் கேட்டிலும் கதவிலும் டிக்கெட் கேட்பதுபோல.

நான்கு ஒன்றாகக் கிளம்பினால் அடுக்கு.
அதற்கு மின்சார ரயிலைத்தான் காட்டுவேன், ஜன்னலிலேயே இருக்கிறது:
கடைசியில் ஏறித் தொங்குகிறவன் முதலில் இறங்குவான்,
பார்க்கில் ஏறி உள்ளே ஒதுங்கியவன்
கிண்டி தாண்டியும் "வழி விடுங்க" என்பான்.

சூனியக்காரியை எரித்துவிட்டுக் கேட்பார்கள்,
"அப்ப காசு கிடையாதுல்ல?"
உண்டு.
விசில் ஊதிய கண்டக்டர் இறங்கிப்போனாலும்
வண்டி கிளம்பிவிட்டதுதானே.

அன்றைக்குக் கடைசிச் சுற்று.
ரூபாவதிக்கு மூன்று உயிர், ஃபைசுலுக்கு ஐந்து.
உயிரைப் பகடையில் வைப்பார்கள்.
ரயில் போகும்போதெல்லாம் மேசை நடுங்கும்,
பகடை ஒரு நூல் நகரும்.

ஃபைசுல் தீ வைத்தான். அவளுடைய உப்பங்கழி நாரை செத்தது.
சீட்டின் அடியில், பொடி எழுத்தில்:
நாரை சாகும்போது நீ ஒரு சீட்டு எடு.

அவள் எடுக்கவில்லை.
தாம்பரம் வண்டி போய்க்கொண்டிருந்தது.
இரண்டு பேர் பகடையையும்
உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தாள், எதிராளியுடையதையும் சேர்த்து.

நான் பார்த்தேன். நடுவர் வாய் திறக்கக் கூடாது.
ஃபைசுலும் பார்த்தான். மறந்தவருக்கு
எதிரில் இருப்பவர் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.
இரண்டுமே விதி. நானே அச்சடித்துச் சுவரில் ஒட்டியது.

சத்தம் ஓய்ந்தது. அவன் அடுத்த சீட்டை இறக்கினான்,
இன்னொன்றையும்.
அப்புறம்தான், "அக்கா! என் நாரை!"
"நேரம் போயிடுச்சும்மா."
என் குரல் எனக்கே
ஈ.பி. ஆபீஸ் கவுண்டர் மாதிரி கேட்டது.

தோற்றாள். கட்டின் மேலிருந்த சீட்டைத்
திருப்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.
பார்க்காமலே கலைத்து, ரப்பர் பேண்ட் போட்டாள்.
ஃபைசுல் பரிசுப் பாக்கெட்டைப் பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டு
நல்லா ஆடின என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மழை.
அரங்கநாதன் சப்வேயில் தண்ணீர், பாதிப் பேர் வரவில்லை.
ரூபாவதி இருதயராஜோடு ஆடிக்கொண்டிருந்தாள்.
முழங்கால் வரை நனைந்த பேண்ட்டோடு
ஃபைசுல் நேரே அந்த மேசைக்குப் போனான்.

"உன் நாரை செத்துச்சு. ஒண்ணு எடு."

தாமதமாகக் கிளம்புகிற வகை ஒன்று எங்கள் விதியில் உண்டு.
இன்று நடந்தது, அடுத்த முறையின் தொடக்கத்தில் வந்து நிற்கும்.
ஆனால் அதைச் சீட்டிலேயே எழுதியிருக்க வேண்டும்.
இவனுக்கு எங்கே எழுதியிருந்ததோ.

அவள் அவனைப் பார்த்தாள், பிறகு என்னை.
எடுத்தாள்.
முகத்தைப் பார்த்தால் வெறும் நிலம்தான்,
ஏற்கெனவே ஐந்து வைத்திருந்தாள்.

இருதயராஜ் நாற்காலியைத் தள்ளி எழுந்தான்:
"அக்கா, இது செல்லுமா? அக்கா!"

கடற்கரை வண்டி வந்துகொண்டிருந்தது.
இங்கே ரயில் போகும்போதெல்லாம்
எனக்குக் காது கேட்காது.